தகரக் காரின் உட்பக்கம்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஃபேன் காற்று எல்லோருக்கும் வரும், இடத்துக்கு இடித்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு ஒரு பொம்மைக் காரின் கதை சொல்லப்போகிறேன். தகரத்தில் செய்த கார், சாவி கொடுத்தால் ஓடும், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். அவ்வளவு சின்னதை மேஜையில் வைத்துவிட்டு, செத்துப்போன தன் அம்மா திருடியா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒருத்தி காத்திருந்தாள். அந்தக் கதை. நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

ஊரூர் ஒல்காட் குப்பத்து லூர்துமேரியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் குடை விரித்து மீன் விற்கிறவள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டு, "மூஞ்சப் பாக்காத சார், செவுளப் பாரு" என்பாளே, அவள்தான். அவள் வீட்டில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் இந்தக் கார் இருந்தது. பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. ஜன்னல்களில் ஒரு தொப்பிக்கார டிரைவரும் கொண்டை போட்ட ஒரு பெண்ணும் அச்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் தொடவிட மாட்டாள்.

அவள் மகள் அஸ்வினிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ் வேலை. ஒருநாள் போனில் அதே காரின் படத்தைப் பார்த்துவிட்டாள். பழைய தகரப் பொம்மை சேர்க்கிறவர்கள் மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு மாடி மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி வைக்கிறார்களாம். வீட்டில் இருக்கிற பொம்மையைக் கொண்டுவந்தால் எந்த வருஷத்தது என்று சொல்வார்களாம்.

"எட்த்துக்கினு போய் காட்டிட்டு வரட்டாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"நீ மட்டும் எட்த்துக்கினு போவியா? நானும் வர்றேன். என் கண்ணு படாம அது எங்கியும் போவாது."

கார் அந்த வீட்டுக்கு வந்த விதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லூர்துமேரியின் அம்மா சூசையம்மா, அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். சின்னப் பெண் லூர்து கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டுப் பையனிடம் இப்படி ஒரு கார் இருந்தது. அறுபத்தொன்பதில் ஒருநாள் அது காணாமல் போயிற்று. எல்லா இடமும் தேடினார்கள். கடைசியில் வீட்டு அம்மாள், சூசையம்மாவை வாசல் கேட்டருகே நிற்கவைத்து, தெருவே பார்க்க மடியை உதறச் சொன்னாள். மடியிலிருந்து வெற்றிலைதான் விழுந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு வீடும் அவளைக் கூப்பிடவில்லை. மீன் கூடையைத் தூக்கினாள்.

அப்புறம் எப்போதோ, எத்தனை காலம் கழித்து என்று லூர்துமேரிக்கு நினைவில்லை, மழை நாள் ஒன்றில் அவள் அப்பா ஆண்டனி நனைந்த செய்தித்தாளில் சுற்றி ஒரு காரைக் கொண்டுவந்தார். அதே பச்சை, அதே வெள்ளைக் கூரை. "மாதா கோயில் தேர்க் கடைல வாங்கினேன்" என்றார். சூசையம்மா அதைப் பிடுங்கி மணலில் எறிந்தாள். "இந்த வூட்ல இது இருக்கக் கூடாது" என்று அழுதாள். மறுநாள் அவளே எடுத்துத் துடைத்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏன் எறிந்தாள், ஏன் வைத்தாள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

இனி மண்டபத்துக்குப் போவோம்.

கண்காட்சியை நடத்துகிறவர் சுப்புராயன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், வழுக்கை, வெள்ளைப் பருத்திக் கையுறை. சென்னையில் செய்த தகரக் கார்களைப் பற்றி அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. சுவரில் பெரிய அட்டை தொங்கவிட்டிருந்தார். ஒரே கார்தான், ஆனால் காலம் போகப் போக அதில் என்னென்ன மாறியது என்று படம்போட்ட அட்டை. முதல் வகையில் முன்விளக்கு இரண்டும் தனியாகச் செய்து பொருத்திய குட்டித் தகரக் கிண்ணங்கள். இரண்டாம் வகையில் கிண்ணம் கிடையாது, விளக்கு வெறும் படமாக அச்சாகியிருக்கும். மூன்றாம் வகையில் தகரச் சக்கரம் போய் பிளாஸ்டிக் சக்கரம். ஒவ்வொன்றுக்கும் கீழே வருஷம்.

அஸ்வினி துணிப்பையைப் பிரித்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். குனிந்து பார்த்தார். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். உடம்பையும் அடித்தட்டையும் சேர்ப்பது நான்கு சின்னத் தகர நாக்குகள். உடம்பின் ஓரத்தில் இருக்கும், அடித்தட்டின் துளை வழியாக வந்து மடங்கியிருக்கும்.

"ஒரு நாக்கைக்கூட யாரும் நிமிர்த்தினது இல்லை" என்றார், கோயிலில் பேசுகிற குரலில். "முதல் வகை. வந்து பாருங்கப்பா எல்லாரும்."

கூட்டம் கூடிவிட்டது. லூர்துமேரிக்குக் கொஞ்சம் பெருமை.

"யார் வாங்கினதும்மா இது?"

"எங்க நைனா. நான் சின்னப் புள்ளயா இருக்கச் சொல்லோ."

"எந்த வருஷம், ஞாபகம் இருக்கா?"

"வருசம்லாம் இன்னாத்த சார் கண்டேன். எங்கம்மா காந்தி நகர்ல வேல செஞ்சிக்கினு இருந்துச்சு. அங்க ஒரு வூட்ல இதே மாரி காரு காணாப் போச்சுன்னு பழி போட்டு அனுப்ட்டாங்க. அதுக்கு அப்பாலதான் எங்க நைனா வாங்கியாந்துச்சு."

சுப்புராயனின் கை நின்றுவிட்டது. "எந்த வீடு?"

"வாசல்ல ரெண்டு தென்ன மரம். வெள்ள கேட்டு."

அவர் காரை மேஜையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். லூர்துமேரியின் முகத்தில் எதையோ தேடினார்.

"பின்பக்கம் துவைக்கிற கல்லு மேல உக்காந்திருக்கும் ஒரு பொண்ணு" என்றார்.

"நான்தான் அது." அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. "நீ அந்த வூட்டுப் பையனா சார்?"

அவர் தலையாட்டினார். பிறகு அவர் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். குரல் உயரவேயில்லை, அதுதான் கொடுமை.

"தனி விளக்கு வெச்ச வண்டி அறுபத்தொன்பதோட நின்னுபோச்சும்மா. இதைச் செஞ்ச பட்டறைக்காரர் உயிரோட இருக்கறப்பவே கேட்டு எழுதினது. அதுக்கப்புறம் எந்தக் கடைலயும் உங்கப்பா இதை வாங்கியிருக்க முடியாது."

"அப்டின்னா?"

"அப்படின்னா இது என் வண்டி." உடனே கையை உயர்த்தினார். "நான் திருப்பிக் கேக்கலை. நீங்களே வெச்சுக்கோங்க. யாரோ எப்பவோ செஞ்சது, நான் மன்னிச்சாச்சு."

திருடி என்று கத்தியிருந்தால்கூட லூர்துமேரி சமாளித்திருப்பாள் கண்ணுகளா. கடற்கரையில் அவள் கேட்காத வசவா. ஆனால் அத்தனை பேர் நடுவில், கையுறை போட்ட கையால், மன்னிப்பைத் தானமாகக் கொடுத்தால் என்ன செய்வாள்?

"மன்னிக்கறதுக்கு நீ யாரு சார்? எங்கம்மா இன்னா தப்பு செஞ்சிச்சு, நீ மன்னிக்கறதுக்கு?"

"அம்மா, வா போலாம்" என்று அஸ்வினி கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். ஃபராஸ் என்று பெயர், தி.நகரில் பல் டாக்டர். அவருக்கும் இந்தப் பொம்மைப் பைத்தியம் உண்டு.

"சார், ஒண்ணு சொல்லட்டா? என்கிட்ட இதே வண்டி ஒண்ணு நசுங்கிப்போய் கிடக்கு. அதோட கூரைக்கு உள்பக்கம் பிஸ்கட் டின் படம் இருக்கு. வீணாப்போன அச்சுத் தகரத்தை வாங்கி, வெறும் பக்கத்துல கார் படத்தை அடிச்சிருக்காங்க. பழைய அச்சு உள்ள மறைஞ்சுபோயிடும். இதையும் திறந்து பார்த்தா ஏதாவது வருஷம் கிருஷம் இருக்கலாம்."

மண்டபத்தில் சலசலப்பு. நாக்கை நிமிர்த்துவது அந்தக் கூட்டத்தில் பாவம். தகர நாக்கு ஒருமுறை மடங்கினால் மடங்கியதுதான், நிமிர்த்தினால் ஒடியும். நிமிர்த்தின வண்டியைக் கெட்டுப்போன வண்டி என்று ஒதுக்கிவிடுவார்கள். சுப்புராயன் அத்தனை வருஷத்தில் எத்தனையோ கார்களுக்குக் காலம் குறித்திருந்தார். ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

"டாக்டர், விளையாடறீங்களா? திறக்காத முதல் வகை வண்டி இது ஒண்ணுதான் நான் பார்த்தது. அதைப் போய்..."

"தெற டாக்டர்" என்றாள் லூர்துமேரி.

"அம்மா, ஒடஞ்சிடும்" என்றாள் அஸ்வினி. காதோரம் குனிந்து இன்னொன்றும் சொன்னாள். "உள்ள வேற மாரி இருந்துச்சுன்னா இன்னா பண்ணுவ? தெரியாமயே இருந்துட்டுப் போவட்டும்மா."

மகள் சொன்னது அவளுக்குக் குத்தியது. ஏனென்றால் அந்தச் சந்தேகம் அப்போது அவளுக்கே வந்துவிட்டது. இந்த வீட்டில் இது இருக்கக் கூடாது என்று அம்மா ஏன் அழுதாள்? வாங்கிய பொருளை யாராவது எறிவார்களா? ஒருவேளை எங்கேயோ ஒளித்து வைத்ததை அப்பா எடுத்துவந்து, தேர்க் கடை என்று பொய் சொன்னாரோ?

"என்து ஆனாலும் தெற, இவர்து ஆனாலும் தெற. இனிமே நான் தெரிஞ்சிக்காம தூங்க மாட்டேன்."

ஃபராஸின் கிளினிக் பாண்டி பஜாருக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை ஆகையால் மூடியிருந்தது. நால்வரும் அவர் வண்டியிலேயே போனார்கள். வழியெல்லாம் லூர்துமேரி காரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். அந்த மடியைச் சுப்புராயன் ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோயாளி சாய்கிற நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்து, காரைக் குப்புற வைத்து, பெரிய விளக்கைக் கீழே இழுத்தார் ஃபராஸ். "வாயைத் திறன்னு சொல்லாமயே வந்த முதல் பேஷன்ட்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்தார்.

முதல் நாக்கின் கீழ் ஒரு சொட்டு எண்ணெய். கொக்கியை நுழைத்து, மூச்சைப் பிடித்து, மெல்ல மெல்ல நெம்பினார். நாக்கு எழுந்தது. இரண்டாவதும் எழுந்தது. சுப்புராயன் கைவிளக்கைப் பிடித்திருந்தார். மூன்றாவது நாக்கு பாதி எழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். ஒடிந்து துணிமேல் விழுந்தது. நகக்கண் அளவுத் துண்டு.

லூர்துமேரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"நிறுத்திடட்டுமாம்மா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், நிறுத்த வேண்டாம் என்று.

நான்காவதும் வந்தது. அடித்தட்டு கழன்றது. ஃபராஸ் காரின் கூட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே துரு. துருவுக்கு நடுவில் நீளப் பின்னல் போட்ட ஒரு பெண்ணின் பாதி முகம்.

"கூந்தல் தைல டின்னு" என்றார் ஃபராஸ். எண்ணெய் தொட்ட பஞ்சால் ஓரத்தைத் துடைத்தார். எழுத்து வந்தது. தைலத்தின் பெயர் பாதி. அதன் கீழ் ஒரு தெருப் பெயர். இன்னும் துடைத்தார். எல்லோரும் குனிந்தார்கள், தலைகள் முட்டிக்கொண்டன.

"தியாகராய நகர், சென்னை. அப்புறம் அறுநூறு, பூஜ்யம் பதினேழு. நம்ம கிளினிக் பின்கோடுதான்." அவர் மறுபக்கமும் துடைத்துப் பார்த்தார். கூரைக்கு உள்ளே, பின்பக்கம், எல்லா இடமும் பார்த்தார். "அவ்ளோதாம்மா. வருஷம் எங்கயும் போடலை. சாரி."

அஸ்வினியும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அது ஒரு விலாசம், அவ்வளவுதான். லூர்துமேரிக்குப் படிக்கத் தெரியாது.

வீணாக உடைத்துவிட்டோம் என்று அவள் அப்படியே நின்றாள். பிறகு ஒடிந்த துண்டை எடுத்து முந்தானை முனையில் முடிந்தாள். "சரி வாடி" என்றாள் மகளிடம். குரலே இல்லை. அவள் மனதில் என்ன முடிவாகிவிட்டது என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்தது. "எங்கம்மா எடுத்துச்சோ இன்னாவோ. மாதாவுக்குத்தான் தெரியும்."

அத்தனை காலத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கைவிளக்கு இன்னும் சுப்புராயன் கையில் எரிந்துகொண்டிருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஃபராஸும் அஸ்வினியும் பிறந்ததிலிருந்தே ஆறு எண் எழுதிப் பழகியவர்கள். சுப்புராயன் சின்ன வயதில் தன் வீட்டு விலாசத்தை 'அடையாறு, சென்னை-20' என்றுதான் எழுதியிருந்தார். தி.நகர் என்றால் வெறும் பதினேழு, மயிலாப்பூர் வெறும் நாலு. திடீரென்று ஒரு சுதந்திர தினத்திலிருந்து ஆறு எண் வந்தது. பள்ளியில் வாத்தியார் எல்லோரையும் தபால் அட்டையில் எழுதவைத்துப் பழக்கினார். அது எழுபத்திரண்டு.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சுவரில் அட்டை அப்படியே தொங்கும். வீட்டில் மாலை போட்ட படத்தில் இருக்கும் அவருடைய அம்மாவும் அப்படியே இருப்பாள். வாயைத் திறந்தால், கேட்டருகே ஒரு பெண்ணின் மடியை உதறவைத்த அம்மாவாக அவள் மாறிவிடுவாள். இதையெல்லாம் பின்னால் அவரே அஸ்வினியிடம் சொன்னது, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லூர்துமேரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்குப் போய்விட்டாள். கைப்பிடியில் கை வைத்துவிட்டாள்.

"இருங்கம்மா" என்றார்.

அவள் திரும்பவில்லை.

"இந்த ஆறு நம்பர் எழுபத்திரண்டு ஆகஸ்டுக்கு முன்னாடி கிடையாது. ஊர்லயே கிடையாது. இந்த டின்னை அச்சடிச்சதே அதுக்கப்புறம்தான். டின் வீணாகி, அந்தத் தகரத்துல இந்த வண்டியைச் செஞ்சிருக்காங்கன்னா அது இன்னும் பின்னாடி. என் வண்டி காணாமப் போய் மூணு வருஷத்துக்கு மேல ஆன அப்புறம் செஞ்ச வண்டி இது." கைவிளக்கை அணைத்தார். "பட்டறைல மிச்சம் இருந்த விளக்கை அப்புறமும் மாட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. நான் வெளிய பார்த்துட்டுக் காலம் குறிச்சேன். தப்பு."

"புரியற மாரி சொல்லு சார்."

"இதை உங்கப்பா கடைலதான் வாங்கியிருக்கார். உங்கம்மா எடுக்கலை."

அவள் மெல்ல வந்து அந்தப் பல் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதது அஸ்வினிதான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப ஒன் காரு எங்க போச்சு?"

"தெரியலைம்மா."

"எங்கம்மா அத்த எறிஞ்சப்போ நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன்" என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். "இத்தப் பாத்தா ஊரு இன்னா சொல்லும்னு பயந்துகீது. நான் இன்னான்னா ஒரு மணி நேரத்துல எங்கம்மாவப் போய் சந்தேகப்பட்டுட்டேன்."

"மன்னிப்பு நான்தான் கேக்கணும். இப்பவே..."

"இங்க கேட்டு இன்னா சார் பிரயோசனம்? இங்க யாரு கீறாங்க? மண்டபத்துல அத்தினி பேரு நிக்கச் சொல்லோ சொன்ன. அங்க வந்து சொல்லு."

"வந்து சொல்றேன்" என்றார் அவர். "உங்கம்மா பேர் என்ன? எங்க வீட்ல மீன்காரக் குப்பத்துப் பொம்பளைன்னுதான் சொல்லுவாங்க. எனக்குப் பேர் தெரியாது."

"சூசையம்மா."

அவர்கள் திரும்பிப் போனபோது மண்டபத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுப்புராயன் கையுறையைக் கழற்றினார். திறந்த காரைக் குப்புறப் போட்டு எல்லோரையும் கூப்பிட்டார். சிலர் அதைப் பார்த்து, "அய்யோ, திறந்துட்டாங்களே" என்றார்கள். அவர் பின்கோடைக் காட்டி விளக்கினார். சுவரில் முதல் வகையின் கீழே இருந்த வருஷத்தைப் பேனாவால் அடித்தார். அதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. நாக்கு ஒருமுறை தடுமாறியது, ஆனாலும் சொன்னார்.

"காலைல ஒரு அம்மாவைப் பத்தி இங்க ஒரு வார்த்தை சொன்னேன். அவங்க பேர் சூசையம்மா. அவங்க எங்க வீட்டுப் பொருள் எதையும் எடுக்கலை. எங்க வீடுதான் அவங்க பேரை எடுத்துச்சு."

யாரோ பொட்டலத்தைக் கீழே வைத்தார்கள். லூர்துமேரி தலையை நிமிர்த்தியபடி நின்றாள்.

புறப்படும்போது ஃபராஸ், "வண்டியை விட்டுட்டுப் போங்கம்மா, ஒடிஞ்ச நாக்கை ஒட்டி, அடித்தட்டைப் போட்டு மூடித் தர்றேன்" என்றார்.

"வாணாம் டாக்டர். தெறந்தே இருக்கட்டும். இனிமே வூட்டுக்கு வர்றவங்க வெளிய பாக்க வாணாம், உள்ள பாக்கட்டும்."

இப்போது மாதா படத்துக்குப் பக்கத்தில் கார் மல்லாந்து கிடக்கிறது. போனால் கேளுங்கள், தொடவிடுவாள். ஆறு எண்ணையும் விரலால் தடவித் தடவி அவளே படித்துக் காட்டுவாள்.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால் அது பழி யார் தலையிலும் விழுவதற்கு முன்னால் கட்டிலடியிலிருந்து கிடைக்கட்டும். உங்கள் வாசலில் வேலைக்கு வருகிறவர்களை உங்கள் பிள்ளைகள் பேர் சொல்லி அழைக்கட்டும். உங்கள் அம்மாமார்களின் பேர் எந்தத் தெருவிலும் சுத்தமாக இருக்கட்டும். அடுப்பு அணையாமல், சிரிப்பு குறையாமல், குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.